கம்பிகளுக்கு நடுவே ஓர் ஆப்பு

1

இந்தக் கதையை ஒரு நாளிதழ் விமர்சனத்திலிருந்து எடுத்தேன். அது என் அக்கா எழுதிய பியானோ கான்செர்ட்டோவைப் பற்றியது. ஒரு பியானோவும் முழு இசைக்குழுவும் சேர்ந்தும் முட்டிக்கொண்டும் போகும் நீண்ட படைப்பு. அவள் அதை எழுதிய காலத்தில் நான் இரவுப் பணியில் இருந்தேன். அந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டேன். இப்போது பகலில் விழித்திருக்கப் பழகக் கதை எழுதுகிறேன். வேறு உயர்ந்த நோக்கம் இல்லை.

முதலில் எழுதிய தொடக்கம்: "விளக்குகள் அணைந்தபோது அவள் இதயம்

வேண்டாம். அவள் இதயத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அரங்கேற்றத்தன்று பக்கத்து இருக்கையில் இருந்தேன். நிகழ்ச்சித் தாளைச் சுருட்டிக் குழாயாக்கிக்கொண்டிருந்தாள். அது தெரியும்.

2

அத்தான் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். அன்றும் அவர்தான். ஒரு சுரத்துக்கு மூன்று கம்பிகள். ஒன்றைத் திருத்தும்போது மற்றவை அதிராமலிருக்க நடுவில் சின்ன ரப்பர் ஆப்பைச் செருகுவார்கள். இடைவேளையில் ஒரு சுரம் லேசாக இறங்கியிருந்ததைச் சரிசெய்யப் போனார். மேடை மேலாளர், "சார், மணி அடிச்சாச்சு, இறங்குங்க" என்று விரட்ட, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஆப்பு மூன்று கம்பிகளையும் அழுத்திக்கொண்டு உள்ளேயே தங்கிவிட்டது.

அந்தச் சுரத்தின் கட்டையை அக்கா வேறெங்கும் தொடாமல் கடைசிப் பக்கத்துக்கென்றே சேர்த்து வைத்திருந்தாள். இசைக்குழு முழுவதும் அடங்கியதும், அந்த ஒரு சுரம் மட்டும் மணிபோலத் திரும்பத் திரும்ப ஒலிக்க வேண்டும்.

டொக் என்றது. மறுபடியும் டொக். மூடிய கதவை யாரோ விரலால் தட்டுவது போல.

[இங்கே பியானோ கலைஞரைக் கொண்டுவந்தேன். முகம் மாறாமல் வாசித்து முடித்த பெண்மணி. ஆனால் அவர் இருந்தால் வாயைத் திறந்து, கம்பியில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார். காய்ச்சல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.]

4

மூன்றாம் பகுதி விமர்சகரைப் பற்றியது. அதில் அவரை முட்டாளாக்கியிருந்தேன், அதனால் கிழித்தேன். அவர் முட்டாள் இல்லை. கேட்டதைச் சரியாகத்தான் கேட்டிருந்தார். "பாட மறுக்கும் அந்த ஒற்றைச் சுரம், இந்தப் படைப்பின் துணிச்சல்" என்று எழுதினார். அக்கா உயிரைக் கொடுத்து எழுதிய மற்றதெல்லாம் அவருக்கு "கைதேர்ந்த வேலை". அவ்வளவுதான்.

விமர்சனத்தைப் படித்துவிட்டு வேறோர் இசைக்குழுவின் நடத்துநர் அழைத்தார். (பேருந்தில் சீட்டுக் கொடுப்பவர் அல்ல, கோல் வீசுபவர்.) தாங்களும் வாசிக்க விரும்புவதாகவும், அந்த ஊமைச் சுரத்தை எப்படி வரவழைத்தீர்கள் என்றும் கேட்டார். அக்கா அப்புறம் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

புதுப் படைப்பை முதல்முறை வாசிக்க ஆள் கிடைத்துவிடும். இரண்டாம் முறைக்குக் கிடைப்பதுதான் அபூர்வம். உண்மையைச் சொன்னால் வந்த வாய்ப்பு போய்விடலாம். சொல்லாவிட்டால் தன்னுடையதல்லாத ஒரு சுரத்துக்குக் காலமெல்லாம் தலையாட்ட வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் யாருக்கும் தெரியாமல் ஆப்பை எடுத்துவந்துவிட்ட அத்தானோ சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே நாட்களைக் கழித்தார்.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அத்தான் தொழிலை விடுகிறார். இன்னொன்றில் அக்கா விமர்சகர் வீட்டுக் கதவை

அந்த வாக்கியத்தை முடிக்கும் முன் நிஜத்திலேயே ஒன்று நடந்துவிட்டது. பக்கத்து அறையில் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

5

காலைச் சாப்பாட்டு மேசை. அத்தான் சட்டைப்பையிலிருந்து ஆப்பை எடுத்துக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நான்தான். உள்ள வெச்சு மறந்துட்டேன்."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"முதல் டொக்லேருந்து. நான்தானே அதை எழுதினேன்? காது வேற இருக்கு."

"அப்போ ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். நீங்க பாட்டுக்கு தட்டையே மொறைச்சுக்கிட்டு இருந்தீங்க. இன்னும் ஒரு வாரம் விட்டா தொப்பையாவது குறையும்னு நெனச்சேன். அதையும் கெடுத்துட்டீங்க."

அத்தான் சிரிக்கவில்லை. "உன் கடைசிப் பக்கத்தையே கெடுத்துட்டேனே."

"கெடுத்தீங்க. ரொம்பக் கோவம் வந்துச்சு. அப்புறம் அந்த ஆளு எழுதினதைப் படிச்சதும் இன்னும் கோவம்." ஆப்பை விரலால் தள்ளிவிட்டாள். "ஏன்னா அந்த டொக்கு எனக்கும் பிடிச்சுது."

பிறகு நடத்துநரை அழைத்து, போனை ஒலிபெருக்கியில் போட்டு, ஒளிக்காமல் சொன்னாள்: அது என் சுரம் இல்லை, என் வீட்டுக்காரர் மறந்துபோன ரப்பர்.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. அத்தான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

"மேடம், நான் மத்த பக்கங்களையும் படிச்சுட்டேன். அதுக்காகத்தான் கேட்டேன். மணியா, டொக்கான்னு ஒத்திகையில சொல்லுங்க, போதும். சாரையும் கூட்டிட்டு வாங்க."

"எதுக்கு சார்?" என்றார் அத்தான், பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்ட மாதிரி எழுந்து நின்றுகொண்டு.

"எங்க சுருதி சேர்க்கற ஆள் எதையும் மறக்கறதே இல்ல. டொக்குன்னு முடிவாச்சுன்னா என்ன பண்றது?"

அப்போதுதான் அத்தான் சிரித்தார். சிரித்துவிட்டு, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்து, இன்னும் ஒரு தோசை கேட்டார். நானும் மூச்சுவிட்டேன். சோக முடிவு ஒன்று வீணானதில் எழுத்தாளனாக எனக்கு நஷ்டம்தான். தம்பியாக நிம்மதி.

6

மணியா, டொக்கா என்று அக்கா இன்னும் தீர்மானிக்கவில்லை. ஆப்பை என்னிடம் கொடுத்து, "உன்கிட்டயே இருக்கட்டும். எங்க ரெண்டு பேர்ல யார்கிட்ட இருந்தாலும் சண்டை வரும்" என்றாள். இதை எழுதும் தாள் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன். எனக்கு இசை தெரியாது. எனவே முடிவை உங்களிடம் தள்ளுகிறேன். கடைசி வாக்கியத்துக்கு முன்னால் ஆப்பை எடுத்துவிடலாம், மணி ஒலிக்கும்; அல்லது அப்படியே விடலாம், டொக். எதுவானாலும் யாருக்கும் வேலை போகாது, யாரும் தட்டை முறைக்க மாட்டார்கள்.

இசைக்குழு அடங்குகிறது. அக்கா நிகழ்ச்சித் தாளை இன்னும் சுருட்டவில்லை. காய்ச்சல் நீங்கித் திரும்பிவிட்ட பெண்மணி வலக்கையை உயர்த்தி, அந்தக் கட்டையின் மேல் விரலை