எட்டு மணி மாத்திரை

காலை எட்டு மணிக்கு அட்டையைப் பிதுக்கி மாத்திரையை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டிருந்த இளவரசின் மணிக்கட்டைத் தங்கராசு சித்தப்பா பிடித்தார். மாத்திரையும் போயிற்று, அட்டையும் போயிற்று. இரண்டும் அவருடைய சட்டைப்பையில், வெற்றிலைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன.

"கொள்ளி வைக்கிறவன் பச்சத்தண்ணிகூடப் பல்லுல படக்கூடாதுரா. காரியம் முடியட்டும், நானே தர்றேன்."

இளவரசு வெறும் உள்ளங்கையைப் பார்த்தான். முப்பத்தொரு வயது ஆள், கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அவனிடம் ஒன்று கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். தெருவில் அப்படித்தான் சொல்வார்கள்.

மூக்கைச் சிந்திக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்த பவானி இதைப் பார்த்துவிட்டாள்.

"ராத்திரி போட்டியாடா தம்பி?"

அவன் யோசித்தான். "இல்லக்கா."

சிதம்பரத்திலிருந்து நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள். வந்தவள் அப்பாவைக் கட்டிக்கொண்டு முறைப்படி அழுதாள். தம்பி சாப்பிட்டானா என்று கேட்கவில்லை.

"சித்தப்பா, ரெண்டு வேள ஆயிடுச்சி. அதக் குடுங்க. ஒரு இட்லியத் துன்னுட்டுப் போட்டுக்கட்டும். வெறும் வயித்துல போட்டா வாந்தி எடுப்பான்."

"இட்லியா! சாவு வூட்ல அடுப்பு பத்தவச்சியா நீ? ஒரு நாள் போடலன்னா என்ன, உயிரா போயிடும்?" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா முனை டீக்கடைக்குப் போனார். திட்டக்குடியிலிருந்து வந்த களைப்பாம். பங்காளிக்கும் பட்டினி உண்டு என்று அவருக்கு யாரும் நினைவுபடுத்தவில்லை. திரும்பி வந்தபோது மீசையில் வடைத்தூள் இருந்தது.

கணக்கு வாத்தியார் சுப்புராயன் நல்ல சாவு செத்தார் என்பது தெருவின் தீர்ப்பு. நேற்று சாயங்காலம் ஆறரை மணி டியூஷனில், பலகையில் ஒரு கணக்கைப் பாதி போட்டபடி மாரடைப்பில் சாய்ந்தார். எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி மீதியையும் போட்டு முடித்துவிட்டுத்தான் அலறினாள் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. வாத்தியாரின் பயிற்சி அப்படி.

கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி சொட்டிக்கொண்டிருந்தது. ரோஜாமாலை, ஊதுபத்தி, தெற்குக் காற்றில் வரும் வழக்கமான தொழிற்சாலை ரசாயன நெடி, ஐம்பது பேரின் வேர்வை. பவானி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். துக்கம் என்று நினைத்து இரண்டு பெண்கள் அவள் முதுகைத் தடவினார்கள்.

"சார் அடிச்ச அடியிலதாம்மா நான் இன்னிக்கு இன்ஜினியர்" என்றார் லூர்துசாமி. அவர் பழைய மாணவர். வெள்ளைச் சட்டை, மோதிரம், கொஞ்சம் தொந்தி. "பிரம்பு முறிஞ்சா எங்கிட்டயே காசு குடுத்து வேற வாங்கியாரச் சொல்லுவாரு. தெய்வம்!"

அந்தப் பிரம்புகளில் பெரும்பங்கைத் தின்றவன் கொல்லையில் சொம்போடு நிற்கிறான் என்று பவானி சொல்லவில்லை.

இளவரசுக்கு ஏழு வயதில் ஆரம்பித்தது. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வருவான். "ஆறேழு..." என்பான், கண் நின்றுவிடும். உதடு லேசாகத் துடிக்கும். பத்து எண்ணுவதற்குள் திரும்பி வந்துவிடுவான். போய்வந்தது அவனுக்கே தெரியாது. அதற்குள் வகுப்பு எட்டாம் வாய்ப்பாட்டுக்குப் போயிருக்கும். "நடிக்கிறான்" என்றார் அப்பா. பிரம்பு வந்தது. பிரம்பைக் கண்டால் தெரிந்ததும் மறந்தது. மூன்றாம் வகுப்பை இரண்டு முறை படித்தான். சிரித்த பையனைக் கடித்தான். வாத்தியார் பிள்ளை மக்கு என்பதில் தெருவுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அவருடைய டியூஷனில் ஃபெயிலான பிள்ளைகளின் தாய்மார்கள் ரொம்பவே அனுதாபப்பட்டார்கள்.

பத்து வயதில் பிரேயரில் விழுந்து வாயில் நுரை தள்ளினான். புதுச்சேரியில் தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். பவானியும் கூடப் போயிருந்தாள்.

"ஒரு நாளைக்கி அம்பது தடவ போயிட்டுப் போயிட்டு வர்றான் சார். நீங்க நடத்துனதுல பாதி அவன் காதுலயே விழுந்திருக்காது" என்றார் டாக்டர். "மாத்திரையில கட்டுப்படும். ஆனா கொஞ்சம் மெதுவாதான் யோசிப்பான், கோவம் வரும், ஞாபகம் பிசகும். அவனுக்கு டைம் குடுங்க. அடிச்சா ஒண்ணும் வராது."

திரும்பும் பஸ்ஸில், ரெட்டிச்சாவடி தாண்டியதும் அப்பா சொன்னார்: "வெளிய மூச்சு வுடக்கூடாது. தெரிஞ்சா உனக்கு மாப்ள வரமாட்டான்." அவளுக்கு அப்போது பதினான்கு வயது.

மாத்திரைக்கு வைட்டமின் என்று பெயர் வைத்தார்கள். பிரம்பு மட்டும் நிற்கவில்லை. நின்றால், ஏன் நின்றது என்று தெரு கேட்குமே. பவானி மூச்சு விடவில்லை. மாப்பிள்ளையும் வந்தார்.

அந்த மாப்பிள்ளை ஸ்ரீதரிடம்தான் இப்போது போய் நின்றாள்.

"எப்படியாவது வாங்கிக் குடுங்க."

"மாமா பாக்கெட்டுல நான் எப்படிக் கைய வுடறது? உங்க வூட்டு விஷயம்."

வேறு வாங்கலாமென்றால் சீட்டில்லாமல் மெடிக்கலில் தரமாட்டார்கள். சீட்டை எங்கே ஒளித்துவைத்தார் என்பது பெட்டிக்குள் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். அம்மாவிடம் குனிந்து சொன்னாள்.

"இன்னிக்கு ஒரு நாள் வுடுடி" என்றாள் தில்லையம்மாள், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாலு பேரு வந்திருக்காங்க."

பதினொரு மணிக்கு இளவரசைத் தலையில் தண்ணீர் ஊற்றி, ஈர வேட்டியோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். வாய்க்கரிசி போடக் கையை நீட்டியவன் அப்படியே நின்றான். கண் சுவரைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. அரிசி விரலிடுக்கில் சிந்தியது. கட்டைவிரல் துடித்தது.

"பாருங்க, பாருங்க. புள்ள அப்பன நெனச்சி உருகுறான்" என்றார் சித்தப்பா.

லூர்துசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் ஓவென்று ஒப்பாரி எடுத்தார்கள். பவானி மட்டும் விரலை மடக்கி எண்ணினாள். பதினாறு. முன்பெல்லாம் பத்துதான்.

இது சின்னது. பெரியது வந்தால் விழுவான். அவன் கையில் நெருப்புச் சட்டியைக் கொடுக்கப்போகிறார்கள். வெயிலில், காலில் செருப்பில்லாமல், கெடிலக்கரைச் சுடுகாடு வரைக்கும் நடக்க வேண்டும். அங்கே கொள்ளிக்குடம், பிறகு தீ. பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். விழுந்தால் பிடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

பாடை எழுந்தது. பழைய மாணவர்கள் தோள் கொடுக்கப் போட்டி போட்டார்கள். லூர்துசாமி முன்பக்கம் இடம் பிடித்தார். பறைக்கு முன்னால் இளவரசு சட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு போனான். தெருமுனை வந்தது. பெண்கள் நின்றார்கள். பவானி நிற்கவில்லை.

"ஏம்மா, பொம்பளைங்க இதுக்கு மேல..." என்று சித்தப்பா கையை நீட்டினார். அவள் அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டாள். வெற்றிலை, சுண்ணாம்பு டப்பா, எல்லாம் ரோட்டில் விழுந்தன. அட்டை கையில் வந்தது. வெற்றிலை நெடி அடித்தது.

"அறிவிருக்கா உனக்கு? நடுரோட்ல..."

"அவனுக்கு வலிப்பு" என்றாள் பவானி. பறை சட்டென்று நின்றிருந்ததால் அது நன்றாகவே கேட்டது. "சின்ன வயசுலேர்ந்து வலிப்பு. மக்கு இல்ல. டாக்டர் சொல்லியும் அப்பா மறைச்சாரு. எனக்கு மாப்ள வரணும்னு நானும் மறைச்சேன்."

தெருவுக்கு இது இருபது வருஷமாகத் தெரியும். இருந்தாலும் முதல்முறை கேட்பதுபோல எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த மரியாதை தெருவுக்கு உண்டு. ஸ்ரீதர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்பி கையிலிருந்த நெருப்புச் சட்டியை அவள் வாங்கிக்கொண்டாள். டீக்கடைக்காரர் பிணம் போவதற்காகப் பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து கேட்டாள்.

"அண்ணே, ஒரு பன்னு, ஒரு டீ."

"தீட்டும்மா! கொள்ளி..." என்று சித்தப்பா ரோட்டில் குந்தி வெற்றிலையைப் பொறுக்கிக்கொண்டே கத்தினார்.

"குந்துடா" என்றாள் அவள். இளவரசு பெஞ்சில் உட்கார்ந்தான். பன்னை நான்காகப் பிய்த்தான். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தான். மென்றான்.

தூக்கிய பாடையை வழியில் இறக்கக்கூடாது. நாலு பேரும் நடுரோட்டில் வெயிலில் நின்றார்கள். லூர்துசாமிக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பெரிய உடம்பு வாத்தியாருக்கு. பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"இன்னும் எவ்ளோ நேரம்மா?" என்றார் லூர்துசாமி பல்லைக் கடித்துக்கொண்டு.

பவானி அட்டையைப் பிதுக்கினாள். மாத்திரையைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"டீ கொதிக்குதுக்கா."

"ஆறட்டும்."

அவன் டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு டீயின்மேல் ஆடை படிவதைப் பார்த்தான். லூர்துசாமி தோள் மாற்றினார். பாடை ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கொஞ்சம் ரோஜா இதழ் உதிர்ந்து அவர் தொந்தியில் ஒட்டியது. இளவரசு விரலால் ஆடையை எடுத்து ஓரமாகத் தடவினான். பிறகு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தான்.