காஜா எடுத்த புல்தரை

எங்க வீட்டுக்காரர் டெய்லர். கையில ஊசி இருந்தா உலகத்தையே ஒட்டுப் போட்டுடலாம்னு நினைக்கிற மனுஷன். ஆனா இந்தப் புல்லு விஷயத்துல வாயை விட்டது அவர் இல்ல, நான்தான்.

என் நாத்தனார், அதாவது அவரோட அக்கா, தினம் காலையில அவங்க வீட்டு வாசல் புல்தரையைப் போட்டோ எடுத்து அனுப்புவாங்க. பச்சைப்பசேல்னு இருக்கும். மூணு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்தேன். ஒருநாள் முடியாம, எங்க வீட்லயும் புல்தரை போட்டாச்சு அண்ணின்னு போன்ல அளந்து விட்டுட்டேன். அடுத்த மாசம் வந்து பாக்குறேன்னுட்டாங்க. எங்க வாசல்ல இருந்தது காஞ்ச மண்ணும் ஒரு உடைஞ்ச வாளியும்தான். பொய்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

விதை பாக்கெட் வாங்கித் தூவினோம். எங்க பக்கம் மழை எட்டிப் பாக்குறதே அபூர்வம், குழாய்லயும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி. பாதி விதையைக் காத்து ரோட்டுக்குக் கொண்டுபோச்சு. மீதியை எறும்புங்க வரிசை கட்டித் தூக்கிட்டுப் போச்சு. ஒரு எறும்பாவது வெக்கப்படணுமே, ம்ஹூம். நான் தலையில கை வச்சு உக்காந்துட்டேன்.

வீட்டுக்காரர் இன்னொரு பாக்கெட்டை வாங்கிக்கிட்டு நேரா அவரோட தையல் கடைக்குப் போனார். சாயங்காலம் மெத்தை மாதிரி எதையோ சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு வந்தார். அடியில சாக்கு, மேல நைஞ்சுபோன பெட்ஷீட், நடுவுல விதை. காத்துக்கும் எறும்புக்கும் தப்பிக்க, கட்டம் கட்டமா தையல். ஓரம் மடிச்சு அடிச்சு, மூலையில காஜா வேற எடுத்திருந்தார். பட்டன் துளை எதுக்குங்கன்னு கேட்டா, கைப்பழக்கம்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல.

வேற வழி? மண்ணைக் கொத்தி விரிச்சோம். காய் கழுவின தண்ணி, அரிசி களைஞ்ச தண்ணி, எல்லாம் அதுக்குத்தான். அவர் சோப்புப் போடாம அது மேலேயே நின்னு குளிச்சார். எதிர்வீட்டுல ஜன்னலைச் சாத்திக்கிட்டாங்க. பத்தாம் நாள் பெட்ஷீட்டைப் பொத்துக்கிட்டு பச்சையா எட்டிப் பாத்துச்சு. சத்தியமா அழுதுட்டேன்.

நாத்தனார் வந்தாங்க. செருப்பைக் கழட்டிட்டுக் கால் வச்சதும் துள்ளிட்டாங்க.

"என்ன இது, ஈரமா இருக்கு?"

"உங்க வீட்டுப் புல்லு ஈரமா இருக்காதா அண்ணி?"

"நான் வாரம் ஒரு தடவை துடைச்சிடுவேன்ல" ன்னவங்க, சட்டுனு வாயைப் பொத்திக்கிட்டாங்க.

துடைப்பாங்களாம், புல்லை. மூணு வருஷமா நான் வயிறெரிஞ்சது ஒரு பிளாஸ்டிக் விரிப்புக்கு! சந்தோஷத்துல எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அதுவும் அரை நிமிஷம்தான். தலையைக் குனிஞ்சவங்க கண்ணுல அந்த மூலை பட்டுடுச்சு. கால் விரலால தூக்கிப் பாத்தாங்க. தையல், காஜா, எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துச்சு. ரெண்டு பேர் குட்டும் உடைஞ்சுபோச்சு.

கடைசியில அவங்கதான் குரலைத் தாழ்த்திக்கிட்டு, "தம்பி, எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடுடா. வெளியில சொல்லிடாத" ன்னாங்க.

அவர் அதுக்குள்ள கழுத்துல கிடந்த டேப்பை எடுத்துட்டார். தாராளமா தைச்சுத் தருவார் அண்ணின்னு நானும் பெரிய மனசோட சொன்னேன். அவங்க தண்ணி குடிக்க உள்ள போனதும் அவர் காதைக் கடிச்சேன்.

"நம்மளுதைவிட ரெண்டு சாண் குறைச்சே வெட்டுங்க."