அப்பா சீரியஸ், உடனே புறப்படு

'அப்பா சீரியஸ், உடனே புறப்படு' என்று தந்தி வந்தால் நம்ம பக்கத்தில் எவனும் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க மாட்டான். எடுக்கிறது எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பான். செத்துப்போனார் என்று தந்தியில் எழுதுகிற வழக்கம் நமக்கு இல்லை. வருகிறவன் வழியிலேயே நெஞ்சடைத்து விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு கரிசனம். தந்திக்காரன் சைக்கிளை நிறுத்தும்போதே வீட்டுப் பெண்கள் தலைமயிரை அவிழ்த்துவிட்டுக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

மாணிக்கவேலுக்கு அந்தத் தந்தி பக்கத்து ஊரிலோ மெட்ராஸிலோ வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அது வந்தது மேற்கு ஜெர்மனியில், பவேரியாவின் ஒரு மூலையில், பனி கொட்டிக் கிடந்த ஒரு பீங்கான் ஊரில். அறுபத்தெட்டாம் வருஷம், மாசி மாதம்.

அவனுடைய அப்பா சாமிதுரைக்கு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜாடிக் கடை. ஊறுகாய் ஜாடி, உப்பு ஜாடி, கப்பு சாஸர், பீங்கான் பொம்மை என்று எஸ்டேட் என்கிற பீங்கான் தொழிற்பேட்டைச் சூளையில் வெந்து வருகிறதையெல்லாம் வாங்கி விற்பார். ஒரே பிள்ளையை மெட்ராஸில் பிசினஸ் மேனேஜ்மென்ட் படிக்க வைத்தார். கூடவே ஒரு அந்நிய பாஷையும் படிக்க வேண்டும், கடைசி வருஷம் உதவித்தொகையில் அந்த பாஷை பேசுகிற நாட்டுக்கே போய் வகுப்பிலும் உட்கார வேண்டும், ஒரு தொழிற்சாலையில் வேலையும் பழக வேண்டும் என்பது அந்தப் படிப்பின் ஏற்பாடு. அங்கேயும் பீங்கான் செய்கிறான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஜெர்மன் எடுத்துக்கொண்டான் மாணிக்கவேல். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஜாடி வாங்க வந்தவன் மகன் புராணத்தைக் கேட்டுக் கேட்டு, ஜாடியை மறந்துவிட்டு பஸ் ஏறிப் போன கதையெல்லாம் உண்டு.

மெட்ராஸில் அவன் படித்தது வியாபார ஜெர்மன். தங்கள் கடிதம் கிடைத்தது, சரக்கு இன்ன கப்பலில் வருகிறது, உடைந்த உருப்படிகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல. கப்பல் கப்பலாகச் சரக்கு கேட்டு வாங்க அவனுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் என்னோடு உட்கார்ந்து ஏதாவது பேசுங்களேன் என்று கேட்பதற்கு எந்தப் பாடத்திலும் இடம் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள்தான். காலையில் வணக்கம் சொல்வார்கள், சாயங்காலம் வணக்கம் சொல்வார்கள், நடுவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். சொந்தக் குரலைக் கேட்டே நாளாகிவிட்டதே என்று குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில், "என்னடா மாணிக்கம், சாப்ட்டியா?" என்று தன்னையே கேட்டுக்கொள்வான். பதில் சொல்ல வெட்கமாக இருக்கும். அப்படி ஒரு தனிமை. அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

தந்தியை அனுப்பியவர் தாய்மாமன் காத்தவராயன். அது முதலில் அங்கே அவன் படித்த பல்கலைக்கழகத்துக்குப் போய், யார் மேஜையிலோ தூங்கி எழுந்து, இவன் வேலை பழகுகிற தொழிற்சாலைக்கு வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இவன் பிரித்தான், படித்தான், சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். அப்பா போய்விட்டார். கொள்ளி வைத்தாகிவிட்டது. வைத்தது இவனில்லை.

மண்ணை அச்சில் வைத்து அழுத்துகிற பிரஸ் பிரிவுக்கு இன்ஜினியராக இருந்த லிண்ட்னர்தான் முதலில் ஓடி வந்தார். அம்பது வயசு, கதவை அடைக்கிற உருவம். தந்தியை வாங்கிப் படித்துவிட்டு, சீரியஸ் என்றுதானே போட்டிருக்கிறது, உயிரோடு இருக்கிறார் என்றுதானே அர்த்தம் என்றார். எங்கள் ஊரில் இப்படித்தான் எழுதுவார்கள் என்று மாணிக்கவேல் திணறித் திணறிச் சொன்னான். அதிர்ச்சியில் உளறுகிறான் என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அவன் தங்கியிருந்த வீட்டு அம்மாள் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். டிக்கெட்டுக்கு ஏற்பாடு நடந்த நாளெல்லாம் தொழிற்சாலையில் எதிர்ப்பட்டவர்கள் அத்தனை பேரும் நம்பிக்கை சொன்னார்கள். ஒரு ஊரே சேர்ந்து பிழைத்துக்கொள்வார் பிழைத்துக்கொள்வார் என்று சொல்லும்போது நடுவில் நின்று ஒருத்தன் எப்படி அழுவது? அழுதால் அவர்களை நம்பாதது போல ஆகிவிடாதா?

அப்பாவுக்கு ஏற்கெனவே மார்வலி உண்டு என்று அவன் சொல்லக் கேட்டு, லிண்ட்னர் தொழிலாளிகளிடம் வசூல் செய்து இருதய நோய்க்கு உசத்தியான மருந்தாக ஒரு பெட்டி வாங்கி வந்தார். மாணிக்கவேல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ரயிலடியில் எல்லாரும் சிரி, சிரித்த முகத்தோடு போய் அப்பாவைப் பார் என்றார்கள். சிரித்தான்.

விருத்தாசலம் ஜங்ஷனில் அவன் இறங்கியபோது கருமாதி முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. தேதியைத் தள்ளக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டாராம். பங்காளி மகன் கொள்ளி வைத்து, அவனே மொட்டையும் போட்டுக்கொண்டு, சித்தப்பா செத்த துக்கத்தைவிட முடி போன துக்கம் பெரிதாகத் திரிந்தான். காசியைவிட ஒரு வீசம் புண்ணியம் கூட என்று பேர் வாங்கிய மணிமுத்தாற்றில் சாம்பலும் கரைந்து போயிருந்தது. வீட்டில் பந்தல் பிரித்தாகிவிட்டது. வாங்கின அண்டா குண்டானெல்லாம் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாணிக்கவேல் உள்ளே போய் அம்மா அம்சவல்லியின் காலடியில் விழுந்து வாயைத் திறந்தான். அவள் அவன் தலையைத் தூக்கி நிறுத்தினாள். குரல் தேய்ந்து காற்றாக இருந்தது.

"அழுவாத ராசா. அழுவுறதெல்லாம் நாங்க அழுது முடிச்சிட்டோம். நீயும் ஆரம்பிச்சா எனக்கு இனிமே தெம்பு இல்ல. கடய பாரு."

அவள்மேல் குற்றமில்லை. பதினைந்து நாள் அழுதவளுக்கு அதற்குமேல் கண்ணீர் எங்கிருந்து வரும்? ஆனால் திறந்த வாயை மாணிக்கவேல் அன்றைக்கு மூடியதுதான். அங்கே அழ முடியவில்லை, அவர்களுக்கு அப்பா சாகவில்லை. இங்கே அழ முடியவில்லை, இவர்களுக்கு அப்பா செத்து முடிந்துவிட்டார். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்தவன் போல அவன் தன் துக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

மருந்துப் பெட்டியைக் கவர்மென்ட் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். மருந்து சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது, நன்றி என்று லிண்ட்னருக்கு எழுதினான். பொய் இல்லையே. அப்பா எப்படி இருக்கிறார் என்று பதில் வந்தது. அப்பா செத்துவிட்டார், நீங்கள் வசூல் செய்யும்போதே செத்திருந்தார் என்று எழுத உட்கார்ந்தான். அத்தனை பேர் முகமும் முன்னால் வந்து நின்றது. வீட்டில் இருக்கிறார் என்று எழுதினான். படமாகச் சுவரில் இருந்தாரே, அதுவும் பொய் இல்லை. அடுத்த கடிதத்தில் அப்பா எழுந்து உட்கார்ந்தார். கிறிஸ்துமஸுக்குக் கடைவரைக்கும் நடந்து போனார். நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

இதிலே ஒரு கொடுமை என்னவென்றால், அவனுக்கு அது பிடித்திருந்தது. மீதிப் பரீட்சையை மெட்ராஸில் எழுதி முடித்துவிட்டு, கடைக்கு ஒரு ஆளைப் போட்டுவிட்டு, எஸ்டேட்டில் பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்கிற ஒரு கம்பெனியில் மேனேஜராகச் சேர்ந்திருந்தான். ஊரில் ஜெர்மன் பேச ஒரு ஆள் கிடையாது. மாதம் ஒருதரம் அந்த பாஷையில் உட்கார்ந்து எழுதும்போது மட்டும் அப்பா கஞ்சி குடித்தார், கடையில் வாடிக்கைக்காரனோடு சண்டை போட்டார். எழுதி ஒட்டி முடித்ததும் மறுபடி போய்விடுவார்.

எல்லாம் அடுத்த வருஷம் ஐப்பசி வரைக்கும்தான். கம்பெனி முதலாளி ஜெர்மனியில் மாணிக்கவேல் வேலை பழகிய தொழிற்சாலையிலிருந்தே ஒரு பழைய பிரஸ் வாங்கினார். அதைப் பூட்டி ஓட்டிக்காட்ட அந்தத் தொழிற்சாலை அனுப்பியது வேறு யாரையும் இல்லை, லிண்ட்னரை. வேலை கிடக்கட்டும், ரயிலைவிட்டு இறங்கினதும் நேரே அப்பாவைத்தான் பார்ப்பேன் என்று எழுதியிருந்தார்.

மாணிக்கவேலுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மை தெரிந்தால் அந்த மனிதர் முகத்தில் முழிக்கவே முடியாது. உலகத்தில் தன்னிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்த ஒரே ஆளையும் இழக்க வேண்டியதுதான். வேறு வழியில்லாமல் காத்தவராயன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். மாமாவுக்கு எந்தச் சிக்கலும் வெத்தலை போட்டுக்கொண்டால் அவிழ்ந்துவிடும்.

"இதுக்கா மாப்ள மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு இருக்க? நா ஒக்காந்துக்கிறேன். உங்கப்பன வெள்ளக்காரன் பாத்திருக்கானா? ரெண்டு இருமு இருமுறேன், கைய குடுக்குறேன், போயிட்டு வாங்கன்னு அனுப்பிவுட்டுடுவோம்."

சீ என்று தோன்றியது. அப்புறம் யோசிக்க யோசிக்க, அதைவிட நல்ல யோசனை வேறு அகப்படவில்லை. அம்மாவிடம் சொன்னபோது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், படத்தைக் கழற்றினால் நான் வீட்டைவிட்டுப் போய்விடுவேன் என்று. சமையல்கட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். படம் மாலையும் குங்குமமுமாக இருந்த இடத்திலேயே இருந்தது. லிண்ட்னர் கேட்டால், அது மாமா என்று சொல்லிவிடலாம். செத்தவரையும் இருக்கிறவரையும் இடம் மாற்றிப் போட வேண்டியதுதான்.

லிண்ட்னர் வாசலில் குனிந்து உள்ளே வந்தார். ஈசிசேரில் மாமா கழுத்துவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சொன்னதற்கு மேலேயே இருமிக்கொண்டிருந்தார். லிண்ட்னரின் முகம் மலர்ந்துபோனது. மாமாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு விடவே இல்லை. எங்கள் தொழிற்சாலையில் தினம் யாராவது ஒருத்தர் உங்களைப் பற்றிக் கேட்கிறோம், நீங்கள் பிழைத்ததை எங்கள் வீட்டு நல்லது போலக் கொண்டாடினோம் என்றார். மாணிக்கவேல் அதைத் தமிழில் சொன்னான். நல்லா இருக்கச் சொல்லு, சாப்பிட்டுப் போகச் சொல்லு என்றார் மாமா.

கையைப் பிடித்தபடியே லிண்ட்னர் சுவரை நிமிர்ந்து பார்த்தார். மாலையைப் பார்த்து, எவ்வளவு அழகாகப் பூ வைத்திருக்கிறீர்கள் என்று சந்தோஷப்பட்டார். அந்த ஊர்க்காரருக்கு மாலை போட்ட படம் என்றால் என்ன தெரியும்?

"இவர் யார்?" என்றார்.

பதில் தயாராக இருந்தது. மாணிக்கவேல் படத்தைப் பார்த்தான். ஜாடிக் கடை வாசலில் எடுத்த படம். மாமா என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"இவர்தான் என் அப்பா," என்றான். "செத்துப்போய்விட்டார்."

தமிழில் அதை அவன் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், யாரிடம் போய்ச் சொல்வது? லிண்ட்னர் மெல்லத் திரும்பினார்.

"எப்போது?"

"நீங்கள் மருந்து வாங்கி வருவதற்கு முன்னாலேயே. தந்தியைப் பிரித்தபோதே எனக்குத் தெரியும்."

என்ன பேசுகிறார்கள் என்று புரியாவிட்டாலும் காரியம் கெட்டது மாமாவுக்குப் புரிந்துவிட்டது. கம்பளியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து சுவரோரம் போய் நின்றார். லிண்ட்னர் அவரைப் பார்க்கவே இல்லை. கோபப்படுவார் என்று மாணிக்கவேல் தலையைக் குனிந்து நின்றான்.

"ரயிலடியில் நாங்கள் உன்னைச் சிரிக்கச் சொன்னோம்," என்றார். "நீ சிரித்தாய்."

"ஆமாம்."

"பிறகு யாரோடு உட்கார்ந்து அழுதாய்?"

"யாரோடும் இல்லை."

லிண்ட்னர் அந்த ஈசிசேரில் சரிந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவ்வளவு பெரிய தோள் குலுங்குவதை மாணிக்கவேல் அதற்குமுன் பார்த்ததில்லை. சத்தம் கேட்டு அம்சவல்லி சமையல்கட்டு வாசலுக்கு வந்தாள்.

"இன்னாத்துக்குடா அழுவுறாரு?"

"அப்பாவுக்குத்தாம்மா. அவருக்கு இப்பத்தான் தெரியும்."

செய்தி தெரிந்து ஒருத்தர் வாசலேறி வந்து அழுதால், வருஷம் எத்தனை ஆனாலும் வீட்டுக்காரி எதிரே உட்கார்ந்து கூட அழ வேண்டும். எங்கிருந்து வந்தவர் என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை. அம்சவல்லி கொண்டையை அவிழ்த்துவிட்டு லிண்ட்னரின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். தெம்பு இல்லை என்றவள் குரலெடுத்தாள். மாசி மகத்துக் கூட்டத்தில் கடையிலேயே சாய்ந்ததை, மகன் முகம் பார்க்காமல் போனதை, ஒவ்வொன்றாக அந்த மனிதரிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டி அழுதார்.

மாணிக்கவேல் அம்மாவின் மடியில் விழுந்தான். இந்தத் தடவை அவள் தலையைத் தூக்கி நிறுத்தவில்லை. அடி வயிற்றிலிருந்து வந்த சத்தம் தன்னுடையதுதானா என்று அவனுக்கே தெரியவில்லை.

இவ்வளவு அழுகை எதற்கென்று தெரியாமல் அடுத்த வீட்டுக் கமலம் ஓடி வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். கருமாதி வரைக்கும் கூடவே இருந்து எல்லா வேலையும் செய்தவள் அவள்.

"எங்கப்பா செத்துட்டாருக்கா," என்றான் மாணிக்கவேல்.