நோட்டில் ஒட்டிய சிம்

என் மகளின் கல்லூரி இடத்தை அன்று மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். அதற்கான ஓடிபி என் எண்ணுக்குத்தான் வரும். தெரிந்தேதான் விமானம் ஏறினேன். மைத்துனன் வெளிநாட்டில் வீடு வாங்கியிருந்தான்; கிரகப்பிரவேசத்துக்குப் போகாவிட்டால் மாமனார் வீட்டில் பேச்சு வரும்.

கூட வந்தவர் பெரிய சகலை, என் மனைவியின் அக்கா கணவர்.

போய் இறங்கிய விமான நிலையத்தில் சிம் கடைகள் மூன்று. விலை, நாள், டேட்டா என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன்.

"யோவ் சகலை, சிம் வாங்குறியா, பொண்ணு பாக்குறியா?"

"அவசரப்பட்டு ஏமாற நான் நீங்க இல்ல."

"ஆமாமா, நீ ஏமாறமாட்ட. ஊரைத்தான் ஏமாத்துவ."

இரண்டாவது கடையில் வாங்கினேன். என் போனில் ஒரு சிம்முக்குத்தான் இடம். கழற்றிய பழையதை, ரசீதுகளை ஒட்டும் வழக்கப்படி, பசை தடவி நோட்டில் ஒட்டித் தேதியும் போட்டேன்.

இணையம் வந்ததும் மகளின் செய்தி விழுந்தது: "அப்பா, ஓடிபி அனுப்பிட்டாங்க. சொல்லுங்க." ஊர் நேரம் 4:41.

என் கிழட்டு போன் சிம்மை மாற்றினால் விழித்துக்கொள்ள ஐந்து நிமிடம் எடுக்கும். ஓடிபியின் ஆயுளோ இரண்டு நிமிடம்; பழைய சிம்மில் வாங்கி, புதியதற்கு மாறி மகளிடம் சொல்வதற்குள் செத்துவிடும். சகலையின் போனில் இரண்டு சிம் போடலாம்; ஒன்று காலி.

"இதைக் கொஞ்சம் உங்க போன்ல போடுங்க."

"நாலு வருஷமா என் வீட்டு வாசப்படி மிதிக்கல. இப்ப என் போன் மட்டும் இனிக்குதா?"

"என் பொண்ணுக்காகக் கேக்குறேன்."

"அப்படி வா வழிக்கு."

உரித்தபோது காகிதமும் கூடவே வந்தது. நகத்தால் சுரண்டிக் கொடுத்தேன். வெளிநாட்டிலும் குறுஞ்செய்தி மட்டும் வரும்படி ரோமிங்கை ஊரிலேயே போட்டிருந்தேன். அந்தப் புத்தியாவது இருந்தது. 4:54க்குச் சிக்னல். மகளிடம் மறுபடி அனுப்பச் சொன்னேன். ஓடிபி அவர் திரையில் விழுந்தது. எட்டிப் பார்த்தேன், மார்போடு மறைத்துக்கொண்டார். என் போனையும் பிடுங்கி, குரல் பதிவில் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். கடைசியில், "உங்கப்பன் சிம்மை நோட்டுல ஒட்டி வச்சிருந்தான்மா. பெரியப்பாதான் காப்பாத்துனேன்."

4:58. "சீட் கன்ஃபார்ம்! தேங்க்ஸ் பெரியப்பா!"

அதை இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு என் போனைத் தந்தார். சிம்மைத் தரவில்லை.

"ஊர் போற வரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும். உனக்குத்தான் வச்சுக்கத் தெரியலயே."

நோட்டில் கிழிசலுக்குக் கீழே, 'சிம் ஒன்று. பெற்றுக்கொண்டவர்: பெரிய சகலை' என்று எழுதி, பேனாவோடு நீட்டினேன்.

"கையெழுத்துப் போடுங்க."