ஒருநாளாவது ஒரே பந்தியில்

சீதேவி முக்காலியைத் துடைத்துக் கட்டிலின் தலைமாட்டுக்கு இழுத்தாள். கஞ்சிக் கோப்பை, மருந்துப் போத்தல் எல்லாவற்றையும் அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தாள். போதகர் வந்தால் அப்பமும் திராட்சரசமும் வைக்க இடம் வேண்டும்.

"ஐயா வருவாரோ?" என்று கட்டிலில் கிடந்த அவள் புருஷன் இராசதுரை உபதேசியார் கேட்டார்.

"வருவார். வண்டில்கார அபூதாஹிர் விடியமுன்னமே அவரைக் கூட்டிவரப் போயிட்டார். நீங்கள் கதையாதேங்கோ, மூச்சு வாங்குது."

துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டு மூன்று நாள். சனமெல்லாம் மூட்டை முடிச்சோடு தம்பலகாமம் பக்கம் ஓடிவிட்டது. போதகரும் அந்தச் சனத்தோடுதான் இருந்தார். குண்டுச் சத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த இராசதுரையை அசைக்க ஏலாது. சீதேவி கூடவே இருந்துவிட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. புருஷனோடு சேர்ந்து ஒருநாள், ஒரே ஒருநாள், கர்த்தருடைய பந்தியில் அப்பம் தின்ன வேண்டும். பதினெட்டு வருஷத்து ஆசை. சல்லி என்ற கடற்கரை ஊரில் சைவக் குடும்பத்தில் பிறந்து, கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவள் அவள். அது மட்டும் போதாதாம். ஆயத்த வகுப்பில் வினாவிடை ஒப்புவித்துத் தேறினால்தான் பந்தி. வகுப்பு நடத்தியவர் யார்? கட்டின புருஷன்தான். நல்ல கூத்து!

முதல் வருஷம் அவர் கேட்டார்: "ஞானம் எது, புத்தி எது? ரெண்டுக்கும் என்ன உறவு?"

பாடத்தில் விடை இருந்தது. கடவுளுக்குப் பயப்படுவதில் ஞானம் தொடங்குகிறது. நல்லது கெட்டதைப் பிரித்தறியும் புத்தி அதிலிருந்து வருகிறது. ஒன்றைத் தேடுகிறவன் மற்றதையும் தேட வேண்டும். சீதேவிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கரைவலை இழுத்த தன் அப்புவை நினைத்துக்கொண்டு சொன்னாள்.

"மீன் எங்க நிக்குதெண்டு அறியிறது ஞானம். அது கடவுள் குடுக்கிறது. கரையில ஆர் பசியோட நிக்கினமெண்டு அறியிறது புத்தி. அது இல்லாட்டி மற்றதால என்ன பிரயோசனம்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. இராசதுரை சிரிக்கவில்லை. "பாடத்தில அப்பிடி இல்லை" என்றார்.

தன் பெண்சாதி என்றபடியால் விட்டுவிட்டார் என்று சனம் கதைக்கும் என்ற பயம் அவருக்கு. அடுத்தவன் பெண்சாதி என்றால் விட்டிருப்பார். நேர்மையான மனுஷன், என்ன செய்வது! வருஷா வருஷம் தோற்கடித்தார். பிறகு அவள் வகுப்புக்குப் போவதை விட்டாள். அவரும் ஏன் வரவில்லை என்று கேட்பதை விட்டார்.

பந்தி நாளில் அவள் கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் இருப்பாள். அவர் முன்னால் முழங்காலில் நிற்பார். வீட்டுக்கு நடக்கும்போது அவர் மூச்சில் திராட்சரசம் மணக்கும். அந்த மணத்துக்காகவே அவள் ஒட்டி ஒட்டி நடப்பாள். போன ஞாயிறு, உயிர்த்தெழுந்த பண்டிகையன்றும் அப்படித்தான் நடந்தாள்.

மத்தியானம் திரும்பியபிறகு வண்டில் வந்தது. போதகர் கனகசுந்தரம் புழுதியோடு உள்ளே வந்து, கை கழுவி, முக்காலியில் வெள்ளைத் துணி விரித்தார். அபூதாஹிர் வாசலோடு நின்றுகொண்டார். சீதேவி பழக்கதோஷத்தில் குசினிப் பக்கம் நகர்ந்தாள்.

"ஐயா," என்றார் இராசதுரை. "அவவுக்கும் குடுங்கோ."

போதகர் திகைத்தார். "உபதேசியார், அவ இன்னும் தேறேல்லை எண்டு நீங்கள்தானே…"

"அவ முதல் வருஷமே சரியாச் சொல்லிப்போட்டா. எனக்குத்தான் விளங்கேல்லை." மூச்சை இழுத்துக்கொண்டார். "வேதம் முழுக்கப் பாடமாக்கினனான், ஐயா. வீட்டுக்க ஆருக்குப் பசியெண்டு தெரியேல்லை."

சீதேவிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "இப்பத்தானோ தெரிஞ்சுது?" என்று கேட்டே விட்டாள்.

"ஓம். இஞ்ச வா. கிட்ட இரு."

கட்டில் விளிம்பில் வந்து இருந்தாள். போதகர் அப்பத்தைப் பிட்டு முதலில் இராசதுரையின் நாக்கில் வைத்தார். பிறகு அவளுக்குக் கொடுத்தார். நகமளவு துண்டு. இதற்கா இத்தனை வருஷம் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் நெஞ்சு நிறைந்துபோயிற்று. இரண்டு பேரும் சேர்ந்தே விழுங்க வேண்டும் என்று, மெல்லாமல் வைத்துக்கொண்டு அவர் தொண்டையையே பார்த்தாள்.

அவர் கண் அவள் மேல்தான் இருந்தது. தொண்டை அசையவில்லை. அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

போதகர் கிண்ணத்தை வைத்துவிட்டுக் குனிந்து நாடி பார்த்தார். பிறகு இராசதுரையின் கண்களை மூடிவிட்டார். வாசலில் அபூதாஹிர் தலையைக் குனிந்துகொண்டார்.

போதகர் முழங்காலிட்டு ஜெபித்தார். முடிவில் அவர் மட்டும்தான் "ஆமென்" சொன்னார். சீதேவி வாயைத் திறக்கவில்லை. அப்பம் இன்னும் அவள் நாக்கிலேயே இருந்தது.