அத்தை உட்காரவில்லை

குளிர்காலம் வந்தால் மாமாவும் அத்தையும் வேறொரு நாட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே பனி விழாது. கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு. அத்தையின் மூட்டுவலிக்கு வெயில் நல்லது என்று தொடங்கிய வழக்கம். இந்த வருடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் என் மனைவியின் அப்பா, அம்மா.

முதல் பனி விழுந்த வாரம் ஒரு லாரி சறுக்கி வந்து எங்கள் காரில் மோதியது. என் மனைவி இறந்துபோனாள். என் வலது முழங்கால் நொறுங்கியது. கம்பியும் திருகாணியும் வைத்துச் சேர்த்தார்கள். எலும்பு கூடிவிட்டது. கால் மடங்கவில்லை.

"ஊன்றுகோலை வெச்சுக்கிட்டு பனியில எங்க நடப்பீங்க மாப்ளே? எங்ககூட வாங்க" என்றார் மாமா. போனேன்.

வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் தமிழர், பருத்த உடம்புக்காரர். சத்தமாகச் சிரிப்பார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஊர் திரும்புறதுக்குள்ள நாற்காலியில ஒழுங்கா உட்கார்ற அளவுக்காவது மடங்கணும் சார். இல்லேன்னா மயக்கம் கொடுத்து மடக்குவாங்க. அதுல எலும்பு மறுபடி உடைஞ்சாலும் உடையும்."

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இன்ஜினியரிங் படித்தவன்தான். ஆனாலும் லிஃப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்கிக் குந்தாமல் அந்த வேலை கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் படுத்தே கிடந்தேன்.

காரணம் ஹால். என் அறைக் கதவு ஹாலில் திறக்கும். நடப்பதென்றால் அங்கே நடக்க வேண்டும். வெளியே போவதென்றாலும் அதைக் கடக்க வேண்டும். ஜன்னலோர சோபாவில், வெயில் விழும் இடத்தில், அத்தை காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். என் ஊன்றுகோல் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவார். மாப்பிள்ளை நிற்கும்போது அவர் உட்கார மாட்டார். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். "எங்கம்மா உன்னைப் பார்த்தா தேசிய கீதம் கேட்ட மாதிரி நிப்பாங்க" என்பாள் என் மனைவி.

என்னிடம் நேராகப் பேசவும் மாட்டார். "அவர் சாப்பிட்டாச்சான்னு கேளு" என்று அவளிடம் சொல்வார். அவள் கேட்பாள். இப்போது அந்த வேலையை மாமா பார்த்தார்.

அத்தையின் முழங்கால் வீங்கித் துணிப்பட்டைக்குள் இருந்தது. கைப்பிடியை அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுவார். நான் எத்தனை சுற்று நடந்தாலும் அத்தனை நேரமும் நிற்பார். அதனால் நடப்பதை நிறுத்தினேன். ஜன்னல் வழியே எதிர்வீட்டுக் கொடியில் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மாமா மட்டும் தொப்பி போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போவார். பழம் வாங்கி வருவார். "ரெண்டு பேரும் ஜெயில்ல இருக்கற மாதிரி இருக்கீங்க. நான் மட்டும் பரோல்ல போயிட்டு வரேன்" என்பார். யாரும் சிரிப்பதில்லை.

ஒரு நாள் பிசியோ காலை அளந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"போன வாரத்தைவிட இறுகிடுச்சு. நாள் முழுக்க என்ன பண்றீங்க?"

"படுத்திருக்கேன்."

"ஹால்ல நடக்கச் சொன்னேனே?"

"அத்தை இருக்காங்க."

"இருந்தா? கடிச்சிடுவாங்களா?"

"எழுந்து நிப்பாங்க."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். சத்தம் கேட்டு மாமா எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட, அவ வேற கதையில்ல சொல்லிக்கிட்டிருக்கா! அவ முகம் பொண்ணு முகம் மாதிரியே இருக்காம். அதைப் பார்க்க முடியாமதான் நீங்க ரூமை விட்டு வரலைன்னு..."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" ஹாலிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

இருவருக்கும் ஒரே முகம்தான். ஒரே நெற்றி, ஒரே மோவாய். அதைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை எப்படிச் சொல்வது?

பிசியோ என்னை ஹாலுக்கு நடத்திக்கொண்டு போனார். அத்தை எழுந்தார்.

"அம்மா, நீங்க உட்காரணும். சார் நடக்கணும். அவ்வளவுதான்."

அத்தை உட்கார்ந்தார். நான் ஓரடி வைத்தேன். அவர் எழுந்தார்.

"என்னம்மா, உள்ள ஸ்பிரிங் இருக்கா?"

"நான் வரும்போது ஒரு நாளாவது எழுந்திருப்பாளா கேளுங்க" என்றார் மாமா.

அத்தை மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "அவர் நிக்கும்போது நான் எப்படி உட்கார்றது? அவரை உட்காரச் சொல்லுங்க. நானும் உட்கார்றேன்."

"அவரால முடியாதுடி."

"அப்ப நிக்கிறேன்."

புடவைக்குள் அவர் கால் நடுங்குவது தெரிந்தது.

"உட்காருங்க அத்தை" என்றேன்.

அவர் பக்கத்தில் பார்த்தார். யாரைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். அங்கே யாரும் இல்லை. மாமாகூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க உட்காருங்க" என்றார் அத்தை. என்னைப் பார்த்து.

பிசியோ ஒரு நாற்காலியை எனக்குப் பின்னால் தள்ளினார். விளிம்பில் உட்கார்ந்தேன். கால் கட்டை மாதிரி முன்னால் நீண்டிருந்தது.

"இது சாய்ஞ்சிருக்கறது. உட்கார்றது இல்ல. குதிகாலை உள்ள இழுங்க" என்றார் பிசியோ.

இழுத்தேன். முழங்காலுக்குள் ஏதோ கிழிவது போல இருந்தது. அத்தை என் காலையே பார்த்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி சோபாவை நோக்கி மெதுவாக உடம்பைத் தாழ்த்தினார். நான் நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார், பாதியில், அந்தரத்தில். அவருடைய இரண்டு கால்களும் ஆடின.

"உட்காருடி!" என்றார் மாமா.

அத்தை கேட்கவில்லை. மேல் உதட்டில் வியர்வை பூத்திருந்தது. இனி நான் நிறுத்த வழியில்லை. மறுபடி இழுத்தேன். அவரும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தார். இன்னும் இழுத்தேன். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் குரல் மாதிரி இல்லை. கண்ணில் நீர் வந்தது. வலிக்கு வந்ததுதான். பாதம் தரையில் தட்டையாகப் படிந்தபோது அத்தை சோபாவில் விழுந்தார்.

பிசியோ அளவுகோலை எடுத்தவர் அளக்காமல் பைக்குள் போட்டார்.

"தண்ணி வேணுமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு அத்தை எழுந்திருக்கப் போனார்.

"எழுந்திருக்காதீங்க!" என்று கத்தினேன்.

மாமா சமையலறைக்கு ஓடினார்.

நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மூச்சு வாங்கியது, இருவருக்கும். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அந்த முகத்தைப் பார்த்தேன். அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நாளைக்கும் நீங்கதான் முதல்ல உட்காரணும்" என்றார்.