சிவப்புத் தலை முளைக்குச்சி

முளைக்குச்சியின் தலையில் சிவப்புப் பெயின்ட் பூசி, காய்வதற்காகக் கொல்லைச் சுவரில் சாய்த்துவிட்டு, சர்வேயர் இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. நானூறு அடி தூரத்திலிருந்தும் கண்ணில் படும். முப்பத்து நான்கு வருடம் நிலம் அளந்த கை; அவருக்கு ஓய்வு கொடுத்தார்களே தவிர, கைக்கு இன்னும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. துணிக்கொடி கட்டுவதென்றாலும் அளவுநாடாவைத் தேடுகிற மனிதர். எதைக் கண்டாலும் பக்கத்தில் ஒரு முளையை அறைந்தால்தான் அது இருப்பதாகவே அவருக்குப் படும்.

இப்போது முளை போவது ஒரு கூட்டுக்கு. கூடு என்று சொல்வதே அதிகப்படி. வீட்டுக்குப் பின்னாலிருந்த தரிசில், உள்ளங்கை அளவு பள்ளம், சுற்றிப் பொடிக்கல், நாலைந்து ஆட்டுப் புழுக்கை. நடுவில் கூர்முனைகள் உள்ளே பார்த்தபடி நான்கு முட்டைகள். மண் நிறத்தில் கறுப்புத் தீற்றல். மிதித்த பிறகுதான் தெரியும். ஆள்காட்டிக் குருவியின் வேலை. தலைக்குமேல் கத்திக்கொண்டு ஊரையே கூட்டுகிற அந்தப் பறவை, தன் வீட்டை மட்டும் இவ்வளவு ரகசியமாகக் கட்டும்.

அதைக் கண்டுபிடித்தவர் சர்வேயர் இல்லை. அவர் மனைவி. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, பறவை ஒரே இடத்தில் போய்ப் போய் உட்காருவதைப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து சமையலறை நாட்காட்டியில் தினம் ஒரு பென்சில் கோடு போட்டுவந்தாள். கிட்டே போய்ப் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. துணி அலசிய கடைசித் தண்ணீரை மட்டும் வேலியோரப் பள்ளத்துக்குப் போகும்படி திருப்பிவிட்டாள். உச்சி வெயிலில் பறவை அங்கே வந்து அடிவயிற்றை நனைத்துக்கொண்டு, ஓடிப்போய் முட்டைகளின்மேல் உட்காரும். சூடு தணிக்க. பதினேழாவது கோட்டின்போது வாய்தவறிக் கணவரிடம் சொன்னாள். வந்தது வினை.

"அடுத்த வாரம் உழவுக்கு டிராக்டர் வருது. அடையாளம் வைக்கலேன்னா ஏத்திட்டுப் போயிடுவான்" என்றார்.

"டிரைவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதாதா?"

"வார்த்தை காத்தோட போயிடும். முளை நிக்கும்."

"கிட்டப் போகாதீங்க. சொன்னாக் கேளுங்க. அது பயந்துக்கும்."

அவர் போனார். பறவை அலறிக்கொண்டு தலைக்குமேல் பாய்ந்து பாய்ந்து வந்தது. ஒரு கையால் தலையை மறைத்துக்கொண்டு, மறுகையால் சுத்தியலை வீசி, கூட்டிலிருந்து சரியாக இரண்டடியில் முளையை இறக்கினார். அதோடு விட்டாரா? மறுநாள் மைத்துனர் வந்திருந்தார், கூட்டிப்போய்க் காட்டினார். அடுத்து தபால்காரர். அடுத்து எதிர்வீட்டு டீச்சர், செல்போனில் படம் எடுக்கிற அவசரத்தில். "மாமா, நீங்க மட்டும் இல்லேன்னா இந்த நாலும் காலிதான்" என்று மைத்துனர் சொன்னபோது, சர்வேயர் அடக்கமாகச் செருமிக்கொண்டார். ஆளுக்கு ஆள் நடந்ததில் கொல்லைக் கதவிலிருந்து முளைவரை புல் படிந்து ஒரு தடம் விழுந்தது. பிசிறில்லாத நேர்கோடு. அதிலும் அவருக்குப் பெருமைதான்.

ஒரு மாலை முளையின் சிவப்புத் தலையில் காக்கை ஒன்று உட்கார்ந்திருந்தது.

"பாத்தியா? காக்கா உக்காந்தும் ஆடலை. அவ்வளவு ஆழம் அடிச்சிருக்கேன்."

"அது எதுக்குங்க அங்க வந்து உக்காருது?" என்றாள் மனைவி.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தார்.

இருபத்தாறாவது கோடு போடவேண்டிய நாள். விடிந்ததும் வழக்கம்போல் போனார். பறவை கத்தவில்லை. தலைக்குமேல் எதுவும் பாயவில்லை. கத்தாதது நல்லதென்றுகூட ஒரு கணம் நினைத்தார்; பழகிவிட்டதாக்கும். பள்ளத்தில் ஓட்டுச் சில்லுகளும், ஈரத்தில் மொய்த்த எறும்பும்தான் இருந்தன. உள்ளே குஞ்சு உருவாகியிருந்ததற்கு அடையாளமாக ஒரு சின்னக் கால், குச்சி போல. முளையின் தலையில் காக்கை அலகைத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. சிவப்பின்மேல் மஞ்சள், இன்னும் காயாமல்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். காக்கைகளுக்கு இடத்தைக் கை காட்டி விருந்து வைத்தவன் யார் என்று தரிசு முழுவதும் தெரிந்திருப்பது போலிருந்தது. வெட்கம் காதுவரை ஏறியது. முளையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். அவ்வளவு ஆழம், லேசில் வரவில்லை. சாக்கில் சுற்றி, விறகுக்குப் பின்னால் செருகினார்.

சமையலறையில் அவள் பென்சிலோடு நின்றாள். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார்.

"பொரிச்சிடுச்சு" என்று வந்தது.

"நிஜமாவா? நாலுமா?"

"நாலும். அம்மா பின்னாடியே ஓடிப்போச்சு. முளையையும் பிடுங்கிட்டேன், இனிமே எதுக்கு?"

"எப்படிங்க இருந்துச்சு?"

"பஞ்சு உருண்டை மாதிரி. ஒண்ணு மட்டும் கொஞ்சம் நோஞ்சான். அதுவும் ஓடிடுச்சு." அந்த நோஞ்சான் குஞ்சை எங்கிருந்து பிடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பொய்யிலும் அளவு சுத்தம்.

அன்று மாலை அவள் மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்கப்பாவை நான்தான் தப்பா நெனச்சேன்டி. அந்த முளை இல்லேன்னா டிராக்டர்ல போயிருக்கும்." கூடத்தில் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அவர் ஒரே வரியைப் படித்தபடி இருந்தார்.

உழவுக்கு வந்த டிராக்டர் டிரைவர், தரிசின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, குனிந்து எதையோ தேடினான். சர்வேயருக்குப் பொறுக்கவில்லை, போனார்.

"என்னப்பா தேடற?"

"கூட்டைப் பாத்தப்பவே அடையாளத்துக்கு மண்கட்டி ஒண்ணைத் தலைகீழாப் பொரட்டி வச்சிருந்தேன் சார். ஆள்காட்டி போன வருஷமும் இங்கதான் வச்சது. அந்தக் கட்டி வந்ததும் கலப்பையைத் தூக்கிருவேன். எனக்கு மட்டும் தெரியும், வேற யாருக்கும் தெரியாது." பள்ளத்தைப் பார்த்தான். கொல்லைக் கதவிலிருந்து வந்து நின்ற தடத்தைப் பார்த்தான். முளை இருந்த ஓட்டையையும் பார்த்தான். "போன வாரம் ரோட்டுல போகும்போது செவப்பாத் தெரிஞ்சுது. ஐயோ, காக்கா கண்ணுல படுமேன்னு நெனச்சேன். பெரியவங்க அடிச்சிருக்கீங்க, நான் என்னத்தச் சொல்றது."

"சொல்லியிருக்கலாம்ல?" என்றார் சர்வேயர். கோபமாகச் சொல்ல நினைத்தது, கெஞ்சல் மாதிரி வந்தது.

டிரைவர் வண்டியில் ஏறி, வழக்கப்படி அந்த இடத்தில் கலப்பையைத் தூக்கினான். ஒன்றுமில்லாத பள்ளத்துக்காக. அது அவரைச் செருப்பால் அடித்தது போலிருந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தார். சாப்பிடும்போது நினைப்பார், அவள் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல்வாள், சரி, கை கழுவிவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப் போடுவார். ஊரையே அளந்து தீர்ப்புச் சொன்னவருக்கு, சமையலறை வாசற்படியைத் தாண்டி ஒரு வாக்கியத்தைக் கொண்டுபோக முடியவில்லை. பிறகு ஒருநாள் மண்வெட்டி எடுக்கப் போனபோது, சாக்கு நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. முளை சுவரில் சாய்ந்து நின்றது. மஞ்சள் கறை காய்ந்து, அப்படியே.

அன்று சாயங்காலக் காப்பி வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான சர்க்கரையோடு வந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. டம்ளரைக் கொடுத்துவிட்டு, "சூடா இருக்கு, பாத்து" என்று மட்டும் சொன்னாள். கூசிப்போய், அவர் சூட்டோடு குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

அடுத்த மாதத் தாளில் மறுபடி பென்சில் கோடுகள் தெரிந்தன. காஸ் தீர்கிற கணக்கோ, முழங்கால் மாத்திரையோ என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் முன்போல் இல்லை.

அந்த வாரம் ஒரு காலை, கடைக்குப் போகலாமென்று வீட்டின் மறுபக்கத்து வண்டிப்பாதையில் நடந்தார். கல்லும் கரடுமான பாதை. திடீரென்று காலுக்கு ஐந்தடி முன்னால் பறவை வந்து விழுந்தது. ஒரு இறக்கை ஒடிந்து தொங்குவது போலத் தரையில் இழுத்துக்கொண்டு, தட்டுத்தடுமாறி, கத்திக்கொண்டே நகர்ந்தது. நின்று திரும்பிப் பார்த்தது. மறுபடி விழுந்தது.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. இறக்கைக்கு ஒன்றுமில்லை. முட்டை கிட்டத்திலேயே இருக்கிறது. என்னைப் பிடி, அதை விட்டுவிடு என்று இழுக்கிறது. அது எங்கிருந்து கிளம்பியது, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தால் போதும், எதிர்த்திசையில் பத்துக் காலடிக்குள் இடத்தைச் சொல்லிவிடலாம். அந்த வேலைக்குத்தானே முப்பத்து நான்கு வருடம் சம்பளம் வாங்கினார். கழுத்து தானாகத் திரும்பத் தொடங்கியது. பிடித்து நிறுத்தி, கண்ணை மேலே உயர்த்தினார்.

மொட்டை மாடியில் அவள் நின்றிருந்தாள். ஈரப் போர்வை கையில். காயப்போடவில்லை; இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி, அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பது கோடுகள். காலையில்தான் நாட்காட்டியைத் தாண்டி வந்திருக்கிறார். ஒன்பது நாளாக அவளுக்குத் தெரியும். காப்பி கொடுத்தபோதும், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டபோதும் தெரியும். டிராக்டர்காரனிடம்கூடச் சொல்லியிருப்பாள். இவரிடம் மட்டும்தான் சொல்லவில்லை.

"அடடா, இறக்கை ஒடிஞ்சுபோச்சே" என்று சர்வேயர் சத்தமாகச் சொன்னார். கையை நீட்டிக்கொண்டு, பிடிக்கப் போகிறவர் போலப் பறவையின் பின்னால் நடந்தார். அது பாதையை விட்டு இறங்கியது, அவரும் இறங்கினார். முட்புதருக்குள் புகுந்தது, அவரும் புகுந்தார். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு முள் ஏறியது, குனியவில்லை. குனிந்தால் தலை திரும்பிவிடும். வாய்க்கால் மேடுவரை அது கூட்டிக்கொண்டு போனது. போதும் என்று பட்டதும், இரண்டு இறக்கையையும் முழுசாக விரித்து, அவர் தலைக்குமேல் ஏறிப் பறந்தது.

அவர் திரும்பவில்லை. வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, மாடியில் அவள் ஈரப் போர்வையை உதறும் சத்தம் கேட்கட்டும் என்று நின்றிருந்தார்.